விருப்ப வரிசை வாக்கில் ஜெயித்தது யார்? உதவுங்கள்

எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் தேர்தல் எண்ணிக்கையில் சிக்கி நிற்கிறது. 45 சீட்டிலும் 1, 2, 3 என வரிசை போட்டிருக்கிறார்கள். முதல் விருப்பம், சின்னப்படி: சாவி 18, குடை 15, விளக்கு 12.

விளக்கை நீக்கி, அந்தச் சீட்டுகளின் இரண்டாம் விருப்பத்தைச் சேர்த்தால் சாவி 23, குடை 22. சரி, சாவிதான் என்று அறிவிக்கப் போனால் விளக்கு தரப்பு நேருக்கு நேர் கணக்கை (இருவரை மட்டும் எடுத்து, எத்தனை சீட்டில் யார் முன்னால் என்று பார்ப்பது) நீட்டுகிறது: சாவியை 27-18, குடையை 30-15 என விளக்கு வெல்கிறது! மறுபடி எண்ணியும் அதேதான். முதல் இருவரை மட்டும் வைத்து எண்ணும் இலங்கை ஜனாதிபதித் தேர்தல் முறையிலும் சாவிதான்.

2009இல் அமெரிக்காவின் பர்லிங்டன் மேயர் தேர்தலிலும் இதே கூத்து. ஆனால் அங்கே எண்ணும் முறை முன்பே விதியில் இருந்தது. எங்கள் விதியில் ‘விருப்ப வரிசைப்படி’ என்பதோடு சரி. ஞாயிறன்று பொதுக்குழு.

விதி வாய் திறக்காதபோது எந்தக் கணக்குப்படி அறிவிப்பது முறை?