சூப்பர்ஹீரோ ஆர்பிஜி பிளேடெஸ்ட்: வில்லன் சண்டை முடியவே மாட்டேங்குது, எதை அளக்கணும்?

குட்டித்தீ:
நான் உருவாக்கும் சூப்பர்ஹீரோ டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை ஆட்டம்) ஒன்று, பதிப்பு 0.4, விதிகள் 38 பக்கம். இப்போது பிளேடெஸ்டில், அதாவது ஆடிப் பார்த்துச் சோதிக்கும் கட்டத்தில் இருக்கிறது. நான்கு ஆட்டக்காரர்கள், கதையையும் வில்லனையும் நடத்த ஒரு கேம் மாஸ்டர். அடிப்படை இதுதான்:

தாக்கும்போது இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டி, "குறி"யை (குறிபார்க்கும் திறன் எண்) கூட்ட வேண்டும். 7 + எதிரியின் தற்காப்பு, அல்லது அதற்கு மேல் வந்தால் அடி விழும். சேதம் என்பது ஒரு பகடை + வலு, அதில் எதிரியின் கவசம் கழியும். பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஹீரோக்களுக்கு எல்லாமே 5-ல் தொடங்கும், புள்ளி செலவழித்து 10 வரை ஏற்றலாம். முக்கிய வில்லனுக்கு உயிர் 40, தற்காப்பு 5, கவசம் 8.

சிக்கல்கள்:
1. வில்லனோடு மோதினால் சண்டை இழுத்துக்கொண்டே போகிறது. வலுவை 9-க்கு ஏற்றியவர் மட்டும் அடிக்கிறார், மற்ற மூவரும் வேடிக்கை பார்க்கிறார்கள்.
2. பறக்கும் ஹீரோ மேலேயே நின்று சுடுகிறார். கீழே இருப்பவர்கள் கை எட்டுவதில்லை.
3. ஆளுக்கு 5 துணிவுப் புள்ளி (பகடை உருட்டலுக்கு உதவச் செலவழிப்பது) கொடுத்தாலும் யாரும் செலவழிப்பதில்லை.
4. கருத்துக் கேட்டால் "செம" என்பதோடு சரி.

எதை முதலில் சரிசெய்வது? வெளிக் குழுவிடம் எப்போது கொடுக்கலாம்?

ஆறுமுகப்பகடை:
முதல் சிக்கலுக்கு பிளேடெஸ்டே வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும்.

குறி 5, தற்காப்பு 5 என்றால் 7 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். 36-ல் 21, அதாவது 58.3%. வலு 5, கவசம் 8 என்றால் சேதம் "பகடை கழித்தல் 3". 1, 2, 3 விழுந்தால் பூஜ்யம். 4, 5, 6 விழுந்தால் 1, 2, 3. சராசரி சரியாக 1. ஆக நான்கு ஹீரோ சேர்ந்து ஒரு ரவுண்டில் தருவது 2.33. உயிர் 40 கரைய 17 ரவுண்டு. நான்கு ஹீரோ, வில்லன், இரண்டு அடியாள் கூட்டம், ஆளுக்கு 2 நிமிடம் என்று வைத்தால் ரவுண்டுக்கு 14 நிமிடம், மொத்தம் நாலு மணி நேரம்! அதே வில்லனுக்குக் கவசம் 5 என்றால் சராசரி சேதம் 3.5, சண்டை 5 ரவுண்டில் முடியும். கவசத்தில் மூணே மூணு புள்ளிதான் வித்தியாசம்.

வலு 9 ஆளுக்குச் சராசரி 4.5. மற்றவர்களைவிட நாலரை மடங்கு. அணியின் மொத்தச் சேதத்தில் 60% அவர் ஒருவருடையது. மற்ற மூவர் சோர்ந்துபோவதில் வியப்பில்லை.

"அடி பட்டால் குறைந்தது 1 சேதம்" என்று எல்லோரும் ஒட்டுப் போடுவார்கள். போட்டால் சராசரி 1.5 ஆகும், சண்டை 11-12 ரவுண்டு. போதாது. குறைந்தது 2 என்றால் 8 ரவுண்டு, ஆனால் ஆறு முகத்தில் ஐந்து முகம் ஒரே விடை தரும். பிறகு அந்தப் பகடையை எதற்கு உருட்டுவது?

என் பரிந்துரை: குறி + வலு 10-ஐத் தாண்டக்கூடாது, தற்காப்பு + கவசமும் 10-ஐத் தாண்டக்கூடாது, வில்லனுக்கும் சேர்த்தே. வில்லனுக்குத் தற்காப்பு 4, கவசம் 6 வையுங்கள். உயிர் 40 அப்படியே இருக்கட்டும். ஐந்தரை ரவுண்டு.

ஒரு எச்சரிக்கை. இந்த வகை உச்சவரம்பு மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் என்ற சூப்பர்ஹீரோ ஆர்பிஜியில் உண்டு: தாக்குதலும் விளைவும் சேர்ந்து பவர் லெவலின் (ஹீரோவின் மொத்த பலத்துக்கான நிலை எண்) இரு மடங்குக்குள். ஆனால் அது 20 முகப் பகடை ஆட்டம், அங்கே ஒரு படி என்றால் 5%. உங்கள் இரண்டு பகடையில் 7-லிருந்து 8-க்குப் போனாலே 16.7% போய்விடும். அதனால் ஓரத்துக்குப் போகிறவர் அடி வாங்குவார். தற்காப்பு 5, கவசம் 5 எதிரியிடம் ஒரு தாக்குதலுக்கான சராசரிச் சேதம் (குறி/வலு வரிசையில்): 5/5 என்றால் 2.04; 4/6 என்றால் 1.88, 6/4 என்றால் 1.81, 3/7-க்கு 1.53, 2/8-க்கு 1.08, 8/2-க்கு 0.92. ஒரு படி சாய்வு பரவாயில்லை. மூன்று படி சாய்ந்தால் பாதி பலம். "மெதுவான ஆனால் பயங்கர வலு" ஹீரோவை விரும்பி உருவாக்குபவர் ஏமாந்துபோவார். சாய்வை 2-க்குள் நிறுத்துங்கள், அல்லது 20 முகப் பகடைக்கு மாறுங்கள்.

நோட்டுப்புத்தகம்:
கணக்குக்கு மேலே சொன்னதே போதும். நாலாவது சிக்கலுக்கு வர்றேன். "செம"ன்னு பதில் வருதுன்னா கேள்விதான் தப்பு. பிடிச்சதான்னு கேட்டா முகத்துக்கு நேரா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. நடந்ததைக் கேளுங்க:

எந்தப் பவரை ஒரு தடவைகூடத் தொடல? எந்த விதியை ரெண்டு தடவை தேடினீங்க? உங்க முறை வரும்போது என்ன செய்யறதுன்னு எப்போ தெரியாம நின்னீங்க? அடுத்த தடவை இதே ஹீரோவை எடுப்பீங்களா, வேறயா?

இதைத் தனித்தனித் தாள்ல, பேசறதுக்கு முன்னாடி எழுதி வாங்குங்க. ஒருத்தர் வாயைத் திறந்துட்டா மத்தவங்க எல்லாம் அதையேதான் சொல்வாங்க.

ஆட்டம் நடக்கும்போது ஒரே ஒரு பார்வையாளர், அவர் ஆடக்கூடாது. அவர் குறிக்க வேண்டியது: சண்டை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ரவுண்டு எண்ணிக்கை, விதிநூலைப் புரட்டின ஒவ்வொரு முறையும் பக்க எண், யாராவது போனை எடுத்த ரவுண்டு. கடைசியா சொன்னதைக் குறைச்சு எடை போடாதீங்க. சலிப்பு முதல்ல கைக்குத்தான் தெரியும்.

கேரக்டர் உருவாக்கத்தையும் சண்டையையும் ஒரே நாள்ல சோதிக்க வேண்டாம். புள்ளி கணக்குப் போட்டே களைச்சுடுவாங்க, அப்புறம் ரெண்டுமே மோசமாத் தெரியும். சண்டைச் சோதனைக்கு நாலு தயார் ஹீரோ கொடுங்க. உருவாக்கத்துக்கு வேற நாள். அன்னிக்கு ஒரே வேலை, "உடைக்க முடிஞ்சா உடைங்க"ன்னு புள்ளிப்பட்டியலைக் கொடுக்கறது. மனசை ஆட்டுவிக்கறது, காலத்தை நிறுத்தறது, ஆளை வரவழைக்கறது மூணும்தான் முதல்ல உடையும். மனசை ஆட்டுவிக்கிற பவரை வில்லன் ஹீரோ மேல போட்டா அந்த ஆட்டக்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார். அதனால "ஒரு செயல் மட்டும்"னு வரம்பு வையுங்க, அந்தச் செயலை எப்படிச் செய்யறதுன்னு ஆட்டக்காரரே சொல்லட்டும்.

ஒரு பதிப்புக்கு ஒரு மாற்றம். கவசத்தையும் துணிவுப் புள்ளியையும் ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.

மேகக்கோட்டை:
சண்டையை மட்டும் அளந்தால் கடைசியில் கிடைப்பது சூப்பர்ஹீரோ அங்கி போட்ட மல்யுத்தம். சூப்பர்ஹீரோ ஆட்டத்தில் கேள்வி "ஜெயிப்பாரா" என்பது அல்ல, ஜெயிக்க எதை விட்டுக்கொடுப்பார் என்பது. உங்கள் சோதனைக் கதையில் அது இருக்கிறதா? இரண்டாம் ரவுண்டில் பாலத்தின் ஓரம் ஒரு பஸ் தொங்கட்டும். நான்காம் ரவுண்டு முடிவில் விழும். தாங்கிப் பிடிக்க இரண்டு ஹீரோவின் முழு முறை தேவை. அதே நான்காம் ரவுண்டில் வில்லன் தப்பிக்கிறான்.

இதில்தான் இரண்டாவது சிக்கலும் தீரும். பறப்பதற்குப் புள்ளி விலை ஏற்றுவதுதான் வழக்கமான கைவைத்தியம், அது வேலைக்கு ஆகாது. எதிரிக்கு எட்டாத நிலை எத்தனை புள்ளி கொடுத்து வாங்கினாலும் எட்டாத நிலைதான். மேலே நின்று சுடலாம், ஆனால் பஸ்ஸைத் தாங்கக் கீழே வந்தாக வேண்டும். கூடவே ஒவ்வொரு அடியாள் கூட்டத்திலும் ஒருவராவது தூரத்திலிருந்து தாக்கட்டும். அந்தரத்தில் மறைய இடம் இல்லை என்பதால் பறப்பவருக்குத் தற்காப்பில் 1 குறையட்டும். உங்கள் பகடையில் அந்த 1 எவ்வளவு கனம் என்பதை மேலே பார்த்தோம்.

துணிவுப் புள்ளியை யாரும் செலவழிக்காததற்குக் காரணம், வைத்திருப்பதில் நஷ்டம் இல்லை, திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. 5 கொடுக்காதீர்கள். 1 கொடுங்கள், கையிருப்பு உச்சம் 3. ஹீரோவின் பலவீனம் அவருக்கே எதிராக வரும்போது 1 கிடைக்கட்டும். மீதி காட்சி முடிவில் காலாவதி. பகடை உருட்டிய பிறகு செலவழிக்க விடுங்கள். உருட்டும் முன் கேட்டால் பாதி நேரம் அது வீண், அதனால்தான் கை வராது. மறுபடி உருட்டுவதா, +2 கூட்டுவதா என்றால் +2. 1 புள்ளியில் தவறிய அடி மறுஉருட்டலிலும் தவறலாம், +2 போட்டால் தவறாது.

குட்டித்தீ:
நன்றி. உச்சவரம்பு 0.5-ல், துணிவுப் புள்ளி 0.6-ல் என்று பிரித்துக்கொள்கிறேன். பாலம் காட்சியில் ஒரு சந்தேகம்: நால்வரும் பஸ்ஸை விட்டுவிட்டு வில்லனைத் துரத்தினால்?

மேகக்கோட்டை:
விழட்டும். கேம் மாஸ்டர் கடைசி நொடியில் யாரையாவது அனுப்பிக் காப்பாற்றினால் அடுத்த குழுவின் சோதனையும் செல்லாது. மூன்று குழுவில் மூன்றுமே பஸ்ஸை விட்டால், காப்பாற்றுவதற்கு உங்கள் விதியில் எந்தப் பலனும் இல்லை என்று பொருள்.

நோட்டுப்புத்தகம்:
வெளிக் குழு எப்போன்னு கேட்டதுக்கு: உங்க மேசையிலயே தொடர்ந்து ரெண்டு ஆட்டம், "அது என்னன்னா..."ன்னு நீங்க வாய்ல விளக்கம் சொல்லாம ஓடணும். அதுக்கு அப்புறம் வேற ஒருத்தரைக் கேம் மாஸ்டரா உட்கார வெச்சு நீங்க பார்வையாளரா இருங்க. அதுவும் தாண்டினா, நீங்க இல்லாத அறைக்கு 38 பக்கத்தையும் தயார் ஹீரோ நாலையும் மட்டும் அனுப்புங்க. ஆட்ட நடுவுல போன்ல சந்தேகம் கேட்டா பதில் சொல்லாதீங்க, கேள்வியை மட்டும் குறிச்சுக்குங்க. அவங்க விதியைத் தப்பாப் படிச்சு ஜாலியா ஆடினா அதையும் எழுதித் தரச் சொல்லுங்க. சில சமயம் அந்தத் தப்பு உங்க விதியைவிட நல்லா இருக்கும். ஒவ்வொரு பக்கத்தோட அடியிலயும் பதிப்பு எண் இருக்கட்டும், இல்லேன்னா 0.4 தாளோட 0.6-ஐ ஆடிட்டுக் குறை சொல்வாங்க.