ஐந்நூற்றுவர் என்ற பழைய வணிகக் குழு பற்றிய புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். திருகோணமலையில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மகள் ஏ.எல். வரலாறு படிக்கிறாள். நேற்றுக் கல்லாவுக்குப் பக்கத்தில் கொப்பியை விரித்துவைத்து, "அப்பா, எடோ கால (17–19ஆம் நூற்றாண்டு) ஜப்பானின் அந்தஸ்து வரிசையில் முதலில் போர்வீரரான சாமுராய், பிறகு விவசாயி, கைவினைஞர், கடைசியில்தான் வியாபாரி" என்று சிரிக்கிறாள். விளைவிக்காமல் லாபம் பார்க்கிறவன் என்ற எண்ணமாம். ஆனால் அதே சாமுராய்கள்தான் ஒசாகா வியாபாரிகளிடம் கடன்பட்டுக் கிடந்தார்கள். (என் கடன் கொப்பியைப் பார்த்தால் நம்பலாம்.)

நம்ம பக்கம் கதை வேறு. பொலன்னறுவை வேளைக்காரர் கல்வெட்டில் வேளைக்காரர் என்ற படைவீரர்களே, ஐந்நூற்றுவரோடு சேர்ந்த வலஞ்சியர் என்ற வணிகரைத் தங்கள் மூத்தோராகச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டு எழுத வேண்டுமாம். ஐந்நூற்றுவர் வணிகக் குழு பற்றித் தமிழில் புத்தகமோ கட்டுரையோ இருந்தால் ஒரு கிழமைக்கு இரவல் தருவீர்களா? டவுனுக்குள் என்றால் நானே வந்து எடுக்கிறேன்.