புதுப்பிப்பு: பொதுநலச் சட்ட அமைப்புகளில் மாணவர்களுக்கு இடம் கிடைத்தது

எங்கள் சட்ட மாணவர்கள் ஆறு பேரைப் பொதுநல வழக்கு நடத்தும் அமைப்புகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பப் பார்க்கிறேன், ஒரு மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை என்று இங்கே புலம்பியிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. நான்கு பேருக்கு இடம் கிடைத்துவிட்டது.

கைகொடுத்தது, 'பயோடேட்டாக்களைக் கட்டாக அனுப்பாதீர்கள். அந்த அமைப்பு எடுக்கும் வழக்கு வகையைப் பற்றி மாணவரே எழுதிய இரண்டு பக்கக் குறிப்பை இணையுங்கள்' என்ற யோசனைதான். வாடகைதாரர்களுக்காக வாதாடும் அமைப்பு ஒன்றுக்கு, காலி செய்யச் சொல்லும் நோட்டீஸின் கெடு பற்றி ஒரு மாணவி எழுதியதை அனுப்பினேன். மூன்றாம் நாளே போன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வருவார், எங்கள் பக்கம் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்திருந்தேன். மாணவரைக் கூட இருந்து கவனிக்க ஆளில்லை என்பதுதான் அவர்களுடைய தயக்கமே. பரிந்துரைக் கடிதத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை போல!

எதிர்பாராதது ஒன்று: ஒரு மாணவர் முன்பு பயிற்சி எடுத்த வக்கீல் அலுவலகம், அவர் இப்போது சேரவிருந்த அமைப்பு நடத்தும் ஒரு வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகிறது. கடைசி நேரத்தில் தெரிந்து, அவரை வேறு அமைப்புக்கு மாற்ற வேண்டியதாயிற்று. யார் யார் எங்கே பயிற்சி எடுத்தார்கள் என்ற பட்டியலை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மீதி இருவருக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.