சாஃப்ட்வேர் டாக்குமென்டேஷன்ல (டாக்ஸ்) ஒரு வரி இல்லாம ராத்திரி பூரா முழிச்சவங்க இருக்கீங்களா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ரெண்டு வருசம் ஆச்சுங்க, இன்னும் உறுத்துது, அதான் எழுதறேன். வெப் பக்கத்த டெஸ்ட் பண்ற டெஸ்டிங் லைப்ரரில, குடுத்த எழுத்து எங்க இருக்குன்னு தேடற கெட்-பை-டெக்ஸ்ட் எல்லாரும் போட்டிருப்பீங்க. பால் சொசைட்டிக்கு ஒரு வெப் ஆப், ஊர் லிஸ்ட்டுல எங்க ஊர் பேர் வருதான்னு பாக்க ஒரே ஒரு டெஸ்ட். சிவப்பு, அதாவது ஃபெயில். அந்த எழுத்து உள்ள எலிமென்ட் இல்லைன்னு எரர். அந்த எரருக்குக் கீழயே பக்கத்தோட எச்டிஎம்எல்லக் கொட்டும்ல, அதுல கொழிஞ்சாம்பாறைன்னு கண்ணு முன்னாடி நிக்குது! இல்லைங்கறான், அவனே காட்டறான். எழுத்து பல எலிமென்ட்டா உடைஞ்சிருக்கலாம்னு எரர்லயே ஒரு யோசனை வரும், அத நம்பி மூணு மணி நேரம் ஸ்பேன் டேக் எல்லாம் கழட்டி மாட்டினேன். விடியக்காலம் கடுப்புல ரெண்டு ஸ்ட்ரிங்குக்கும் லென்த் போட்டுப் பாத்தா ஒண்ணு 14, இன்னொண்ணு 15. அப்பத்தான் பொறி தட்டுச்சு. ‘கொ’ல வர்ற ஒகரக்குறிய யூனிகோடுல (கம்ப்யூட்டர் எழுத்துக்கு நம்பர் குடுக்கற முறை) ஒரே குறியாவும் வைக்கலாம், கொம்பு தனியா கால் தனியா ரெண்டாவும் வைக்கலாம். ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒண்ணுதான். ஊர் லிஸ்ட்டு ஏதோ பழைய ஃபான்ட்ல இருந்து கன்வெர்ட்டர்ல மாத்துனது, அதுல ரெண்டா இருந்துச்சு. லைப்ரரி முன்ன பின்ன இருக்கற ஸ்பேஸ வெட்டும், நடுவுல நாலஞ்சு ஸ்பேஸ் இருந்தா ஒண்ணாக்கும், அவ்ளோதான், யூனிகோட தொடாது. ஒப்பிடறதுக்கு முன்னாடி எழுத்த ஒழுங்கு பண்ற நார்மலைசர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுக்குள்ள என்எஃப்சி, அதாவது பிரிஞ்ச குறிய ஒண்ணாச் சேக்கறது, பண்ணிட்டா தீந்துச்சு, ஒரு வரி. டீம் ரீட்மீல எழுதி வச்சேன். லைப்ரரி டாக்ஸுக்கே புல் ரெக்வஸ்ட் (இந்தத் திருத்தத்த சேத்துக்கோங்கன்னு கேக்கறது) அனுப்பணும்னு நெனச்சேன், நம்ம இங்கிலீஷ நெனச்சு கூச்சம், அனுப்பல. அதுதான் உறுத்தல்.

குமுளி_மலைக்காத்து:
என் கதை தலைகீழ். டாக்ஸ் எழுதினதே நாந்தேன். கம்பத்துல ஒரு ஏலக்கா யாவாரிக்கு பில்லிங் சைட், ப்ரவுசர தானா ஓட்டி டெஸ்ட் பண்ற செலினியத்துக்கு மேல சின்னதா ஒரு லைப்ரரி எழுதி, எப்படி யூஸ் பண்றதுன்னு நாலு பக்கம் எழுதி வச்சேன். மொத உதாரணத்துலயே, சும்மா புரியட்டும்னு, ஸ்லீப் 5னு ஒரு வரி, அஞ்சு செகண்ட் சும்மா நிக்கும். கீழ தெளிவா எழுதியும் இருக்கேன், ஒரிஜினல் டெஸ்ட்ல ஸ்லீப் போடாதீங்க, எக்ஸ்ப்ளிசிட் வெயிட், அதாவது வேண்டியது வர்ற வரைக்கும் மட்டும் காக்கறது, அதப் போடுங்கன்னு. புதுசா ஒரு பொண்ணு சேந்துச்சு, ஒரே மாசத்துல 62 டெஸ்ட் எழுதிருச்சு. சந்தோசம் தாங்கல. ஓட விட்டா சும்மா தூங்குறதுக்கே அஞ்சு நிமிசத்துக்கு மேல. ஒவ்வொண்ணுலயும் என் ஸ்லீப் 5! ஏம்மான்னு கேட்டா, ‘அண்ணே, நீங்க எழுதுனதத்தானே அப்பிடியே போட்டேன்’னுச்சு, மொகத்துல ஒரு குத்தமும் இல்ல. கீழ எழுதினத எவன் படிக்கான். அன்னைக்கு ராத்திரியே உக்காந்து எக்ஸ்ப்ளிசிட் வெயிட்ட உதாரணத்துக்குள்ளயே வச்சு மாத்திட்டேன், அந்த 62யும் நாந்தேன் திருத்துனேன், வேற யாரு.

நகரி_தறி:
கொழிஞ்சாம்பாறை அண்ணா, கோச்சுக்காதீங்க, அது டாக்ஸ் தப்பு இல்ல, உங்க டேட்டா தப்பு. உலகத்துல இருக்கற எல்லா பாஷை பஞ்சாயத்தையும் லைப்ரரிக்காரன் எழுதிட்டு இருப்பானா? எனக்கு தெலுங்கு லேபிள் வச்சு நூத்துக்கணக்குல டெஸ்ட் ஓடுது, ஒரு நாளும் இப்படி ஆனதில்ல. என்னோடதக் கேளுங்க. திருப்பதி பக்கம் ஒரு கோச்சிங் சென்டர், பேர் வேணாம், செலினியம் நோட்ஸ் ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பண்ணி குடுத்தாங்க, அதான் எங்களுக்கு வேதம். அத மனப்பாடம் பண்ணிட்டு சென்னைக்கு இன்டர்வியூ போனா, லேப்டாப்ப குடுத்து ஒரு லாகின் டெஸ்ட் எழுதுன்னாங்க. ஃபைண்ட் எலிமென்ட் பை ஐடின்னு ஸ்டைலா அடிச்சேன். அட்ரிபியூட் எரர், அப்படி ஒண்ணே இல்லைன்னுது. எதிர்ல இருந்த மேடம் காபி குடிச்சிட்டே பாக்கறாங்க, எனக்கு காது சூடாகுது. 2022ல பைத்தான் செலினியம் 4.3லயே அத எடுத்துட்டாங்களாம், இப்ப ஃபைண்ட் எலிமென்ட் போட்டு உள்ள பை டாட் ஐடி குடுக்கணும். ஒரிஜினல் டாக்ஸ்ல இருந்துச்சு, ஸ்பைரல்ல இல்ல. வேலை கிடைக்கல.

செங்கோட்டை_பேசஞ்சர்:
எனக்கும் பழைய ப்ளாக் பாத்து ஏமாந்த கதை ஒண்ணு உண்டு, பெருசா ஒண்ணுமில்ல, விடுங்க. யாரும் கேக்கலன்னாலும் சொல்லுதேன், டாக்ஸ் எழுதுற ஆளுக இத மனசுல வைங்க. எந்த வெர்ஷனுக்கு எழுதுனதுன்னு பக்கத்து உச்சியிலயே போடணும், நகரி தம்பிக்கு நடந்தது அது இல்லாததாலதான். எரர் மெசேஜ அப்பிடியே வார்த்தை மாறாம டாக்ஸ்ல ஒட்டணும், ஏன்னா மாட்டிக்கிட்டவன் தேடப்போறது அதத்தான், உங்க அழகான தலைப்ப இல்ல. அப்புறம் உதாரணத்த முழுசாக் குடுங்க, இம்போர்ட் வரியில இருந்து கடைசி வரைக்கும். அத பில்டுலயே (கோட கட்டி சோதிக்கற ஓட்டம்) ஓட விடணும், பைத்தான்ல டாக்டெஸ்ட்னு இதுக்குன்னே இருக்கு, உதாரணம் கெட்டா பில்டும் கெடும், அப்பத்தான் நமக்கு உறைக்கும். செலினியம் டாக்ஸ்ல வெயிட் பக்கத்த எடுத்துக்கோங்க, இம்ப்ளிசிட்டையும் (எல்லாத் தேடலுக்கும் பொதுவா வைக்கற வெயிட்) எக்ஸ்ப்ளிசிட்டையும் கலக்காதேன்னு சொல்லிட்டு சும்மா விடல, பத்து செகண்ட் ஒண்ணும் பதினஞ்சு செகண்ட் ஒண்ணும் வச்சா இருபதுல போயி டைம் அவுட் ஆகலாம்னு கணக்கோட எழுதியிருக்கான், அதான் எழுத்து. டேனியலே ப்ரோசிடான்னு ஒருத்தர் டாக்ஸ நாலாப் பிரிப்பாரு, கத்துக்க ஒண்ணு, வேலைய முடிக்க ஒண்ணு, பாத்துக்க ஒண்ணு, ஏன்னு புரிய ஒண்ணு. குமுளிக்காரர் கத்துக்குடுக்கற பக்கத்துல போட்டத அந்தப் பிள்ளை வேலைய முடிக்கற பக்கமா நெனச்சு எடுத்துருக்கு, சோலி முடிஞ்சுது. இன்னும் நெறைய இருக்கு, ரயில் புனலூர் பக்கம் மலையேறிட்டு, சிக்னல் போகும்.

குமுளி_மலைக்காத்து:
அய்யா சாமி, கத நாலு வார்த்த, புத்திமதி நாப்பது வரியா. ஆனா அந்த நாலு வகை சமாச்சாரம் சரிதேன்.

களியக்காவிளை_பஸ்ஸ்டாண்ட்:
எனக்கது வேற மாதிரி. பிளேரைட், அதுவும் செலினியம் மாதிரி ப்ரவுசர் டெஸ்ட் டூல்தான். ஒரு பட்டன் தெரியுதான்னு பாக்கற டெஸ்ட், மூணு மாசமா பச்சை. ஒருநாள் டிசைன் மாத்தறதுக்காக அந்த பட்டனையே பக்கத்துல இருந்து தூக்கிட்டேன். டெஸ்ட் அப்பவும் பச்சை! கழக்கூட்டத்துல பஸ்ஸுக்கு நின்னுட்டே லேப்டாப்ப மடியில வச்சு பாத்தா, சரியான்னு பாக்கற எக்ஸ்பெக்ட்டுக்கு முன்னாடி அவெய்ட் இல்ல, அதனால பாத்து முடிக்கற வரைக்கும் நிக்காமலே டெஸ்ட் பாஸ் ஆயிருக்கு. எங்க டீம் டாக்ஸ்ல யாரோ விட்டுருக்காங்க, அத எல்லாரும் காப்பி அடிச்சிருக்கோம். சிவப்பு வந்தாலாவது தேடுவோம், பச்சைய யாரு தேடுவா? இப்ப லின்ட்ல (கோட்ல தப்பு தேடற டூல்) ஃப்ளோட்டிங் ப்ராமிஸ் ரூல் போட்டாச்சு, அவெய்ட்ட விட்டா அதே கத்தும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நகரி தம்பி, உங்களுக்கு வராததுக்கு காரணம் இருக்குங்க. தெலுங்குல ஒகரக்குறி யூனிகோடுல ஒரே துண்டு, ரெண்டாப் பிரியாது. தமிழ்லயும் மலையாளத்துலயும் பிரியும். பாலக்காட்டுல இருக்கறவனுக்கு ரெண்டு பக்கமும் இடி. டேட்டா தப்புங்கறீங்க, ரெண்டு வடிவமும் யூனிகோடுல செல்லும்ங்க, எது தப்பு?

நகரி_தறி:
ஓ அப்படியா. தெரியாம பேசிட்டேன் அண்ணா. அப்ப அனுப்புங்க, உங்க இங்கிலீஷ் என் இங்கிலீஷ விட மோசமாவா இருக்கப்போவுது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
இன்னைக்கு டிராஃப்ட் போட்டுட்டேன். உதாரணத்துக்கு எந்த வார்த்தைன்னுதான் முழிக்கறேன், எங்க ஊர் பேர போட்டா வெளிநாட்டுக்காரன் டேப்ப மூடிட்டு ஓடிருவான்.

களியக்காவிளை_பஸ்ஸ்டாண்ட்:
கொச்சி போடுங்க. தமிழ்லயும் மலையாளத்துலயும் அதே ஒகரம், ஒரே ஊரு, ரெண்டு வரியில முடிஞ்சிரும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஆமாங்க! தமிழ்ல எண்ணிப் பாத்தேன், 6க்கு 7 வருது. போட்டுட்டேன்.