பொங்கல் பூசையும் குத்தகை நெல்லும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு, இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

பொங்கல் பூசைக்குப் புதுநெல் காணிக்கை வைப்பது பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர் கேட்டிருந்தார்: விளைந்தால் ஆசீர்வாதம் என்கிறோம், விளையாத ஆண்டில் என்ன சொல்வது? நியாயமான கேள்வி.

நம் பக்திக்குக் கடவுள் அளந்து கொடுக்கும் கூலி அல்ல விளைச்சல். நல்லவர் வயலிலும் தீயவர் வயலிலும் அவர் ஒரே மழையைத்தான் பெய்யச் செய்கிறார் என்று மத்தேயு 5:45இல் ஆண்டவரே சொல்கிறார். ஒருவர் வயல் காய்ந்துபோனால் அவர் வீட்டில் ஏதோ பாவம் என்று பேசுவது நம் விசுவாசமே இல்லை. காணிக்கை நேரத்தில் சாமியார் அப்பத்தைக் கையில் ஏந்தி, ‘நிலத்தின் விளைவும் மனித உழைப்பின் பயனும்’ என்கிறார். கொடுத்தவரோடு சேர்த்து உழைத்தவரையும் பீடத்தில் நினைக்கிறோம்.

அந்த உழைத்தவரை விவிலியம் விடுவதே இல்லை. வயலை ஓரம்வரை அறுக்காதே, சிந்திய கதிரை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடு என்கிறது லேவியர் 19. முதற்பலனைக் கூடையில் கொண்டுபோகச் சொல்லும் இணைச்சட்டம் 26, உன்னிடையே வாழும் அந்நியரோடு சேர்ந்து மகிழவும் சொல்கிறது. யாக்கோபு 5:4 இன்னும் காரம்: அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறதாம்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையான நம் முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் கொடுத்த சவேரியாருக்கு 1622 மார்ச் 12 அன்று புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதே நாளில் அதே பட்டம் பெற்றவர் இசிதோர். ஸ்பெயின் நாட்டு மத்ரித் பக்கம் இன்னொருவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். உழவர்களுக்குப் பாதுகாவலராகத் திருச்சபை வைத்திருப்பது அவரைத்தான், பண்ணையாரை அல்ல. எனக்கு இதில் பெரிய சந்தோஷம்.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் பலருக்கு ஊரில் நிலம் இருக்கிறது, உழுவது வேறு ஒருவர். மழை பொய்த்தாலும், அறுப்பு நேரத்தில் கொட்டித் தீர்த்துப் பயிர் சாய்ந்தாலும், குத்தகை மூட்டை குறையாமல் வர வேண்டும் என்று வெளியூரில் இருந்துகொண்டு போன் போடுகிறோம். நமக்கு மாதச் சம்பளம், அவருக்கு அந்தப் போகம்தான். எங்கள் வீட்டில் பேசிவிட்டோம்: நஷ்டமான ஆண்டில் பாதிக்கு மேல் வாங்குவதில்லை. அப்புறம்தான் காணிக்கை நெல்.

இதற்குச் சம்மதம் உள்ளவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் குத்தகைக்காரரை நேரில் பார்த்து, கணக்கைப் பேசி முடித்துவிட்டு வாருங்கள்.