புதுப்பிப்பு: தேசியப் பூங்காவில் படப்பிடிப்பு, குழு நிகழ்ச்சி அனுமதி

இலங்கையின் வில்பத்து தேசியப் பூங்காவில் ஆவணப்படம் எடுக்க யாரிடம் அனுமதி கேட்பது என்று போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி ஒரே குழப்பம்: எந்தத் திணைக்களம்?

யால, வில்பத்து, ஹோர்ட்டன் சமவெளி, மின்னேரியா எல்லாம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ். சிங்கராஜா, நக்கிள்ஸ் வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குரியவை. ஹபரணைப் பக்கம் போனால் இன்னும் சிக்கல்: மின்னேரியா ஒருவரிடம், ஹுருலு சூழல் பூங்கா மற்றவரிடம். இரண்டு தலைமையகங்களும் பத்தரமுல்லையில்தான். கொள்ளுப்பிட்டியிலிருந்து 177 பஸ் போதும். அனுமதி கேட்கும் கடிதம் தவறான திணைக்களத்துக்குப் போனால் யாரும் அனுப்பி வைப்பார்கள் என்று நம்பாதீர்கள்.

பூங்கா வாசலில் வாங்கும் டிக்கெட் பார்வையிட மட்டும். படப்பிடிப்பு, ஆய்வு, குழு நிகழ்ச்சிக்கு எழுத்து அனுமதி முன்கூட்டியே வேண்டும். "ஒரு சிறு நிகழ்ச்சி" என்று எழுதினால் கேள்விதான் திரும்பி வரும். திகதி, நேரம், இடம், ஆட்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், வாகன இலக்கம், கருவிகள் எல்லாம் எழுதுங்கள். ஜெனரேட்டர், ஒலிபெருக்கி இருந்தால் மறைக்க வேண்டாம், வாசலில் எப்படியும் தெரியும்.

ட்ரோனுக்குப் பூங்கா அனுமதி மட்டும் போதாது, சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதியும் வேண்டும்.

ஹோர்ட்டன் சமவெளி வாசலில், பொலித்தீன் உள்ளே போகக் கூடாதென்று பைகளைச் சோதித்து, தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்தெடுப்பார்கள். பிளெக்ஸ் பேனரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், துணிப் பேனர் நல்லது.

யால முதலாம் வலயம் வறட்சியில், பெரும்பாலும் செப்டெம்பரில், மூடப்படும். திகதி குறிக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.