பப்பில் மூன்று நாள் ப்ளூஸ்: இலவசமா, ஐந்து பவுண்டா?

மழைக்கோட்டு (வெள்ளி இரவு):
மான்செஸ்டருக்குத் தெற்கே எங்கள் தெருமுனை பப்பில் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் பிறந்த இசை) விழா நடக்கிறது. ஞாயிறு வரை பதினொரு குழுக்கள். நுழைவு இலவசம், இடைவேளையில் குழுக்களுக்குக் காசு போட ஒரு சிவப்பு வாளி சுற்றி வரும். இன்று நிற்க இடமில்லை, கல்லாவில் பியர் ஊற்றுகிறவர்களுக்குக் கை ஓயவில்லை. வாளி என்னிடம் வந்தபோது எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் சில்லறை, ஒரே ஒரு ஐந்து பவுண்டு நோட்டு, மடித்துப் போட்ட சிப்ஸ் உறை. வாசலிலேயே ஆளுக்கு ஐந்து பவுண்டு வாங்கினால் என்ன?

கடைசி ரவுண்டு:
டிக்கெட் போட்டால் அது கச்சேரி, பப் இல்லை. தினமும் ஆறு மணிக்கு வந்து அதே மூலையில் உட்காரும் பெரியவரிடமும் ஐந்து பவுண்டு கேட்பீர்களா? ப்ளூஸ் வளர்ந்ததே அமெரிக்காவில் மிசிசிப்பியின் ஜூக் ஜாயின்ட் என்ற சின்னச் சாராயக் கடைகளில்தான். குடிக்க வந்தவன் கேட்டான், பிடித்திருந்தால் காசு கொடுத்தான். வாசலில் நின்று யார் வசூலித்தார்கள்?

பன்னிரண்டு பார்:
வசூலித்தார்கள் அண்ணே. 1920களில் சிகாகோவிலும் நியூயார்க்கின் ஹார்லெமிலும் வாடகை கட்ட வழியில்லாதவர்கள் வீட்டுக்குப் பியானோக்காரரைக் கூப்பிட்டு, வாசலில் காசு வாங்கிக்கொண்டுதான் ஆட்களை உள்ளே விட்டார்கள். ரென்ட் பார்ட்டி என்றே அதற்குப் பெயர். பூகி-வூகி என்ற துள்ளல் பியானோ ப்ளூஸ் வளர்ந்ததில் அந்த வீடுகளுக்குப் பங்கு உண்டு.

நான் வார இறுதிகளில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். போன மாதம் வேறொரு ஊர் பப்பில் நாங்கள் நான்கு பேர் இரண்டு மணி நேரம் வாசித்தோம். முடிந்ததும் வாளியைக் கார் டிக்கியில் கவிழ்த்து, போன் வெளிச்சத்தில் எண்ணினோம். ஆளுக்குப் பதினேழு பவுண்டு. உபரியாக ஒரு யூரோ நாணயமும் ஒரு சட்டைப் பொத்தானும். பெட்ரோலே இருபது. "செம கூட்டம்பா" என்று கடைக்காரர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கூட்டம் யாருக்கு?

ஜன்னலோரம்:
காசு சண்டை அப்புறம். நான் அந்த பப்புக்குப் பின்வீடு. குழந்தைக்கு எட்டு மாதம். பாட்டுகூடக் கேட்பதில்லை, டிரம்ஸ் அடி மட்டும் சுவர் வழியாகத் தொட்டில்வரை வருகிறது. இதற்கெல்லாம் அனுமதி வாங்கித்தான் நடத்துகிறார்களா?

கடைசி ரவுண்டு:
தனி அனுமதி தேவையில்லை. மது விற்கும் உரிமம் உள்ள இடத்தில் காலை 8 முதல் இரவு 11 வரை நேரடி இசை நடத்தலாம் என்று 2012 சட்டம் விட்டுக்கொடுத்தது. அப்போது பார்வையாளர்கள் 200 பேர் வரை, 2015இல் 500 ஆக்கினார்கள். 2005 வரை இருந்த விதி தெரியுமா? இரண்டு பேருக்கு மேல் வாசித்தால் தனி உரிமம் எடுக்க வேண்டும். கிட்டாரும் மௌத் ஆர்கனும் மேடையில், டிரம்மர் வீட்டில்.

ஜன்னலோரம்:
அருமையான விதியாக இருந்திருக்கிறதே! அனுமதி வேண்டாம் என்றால் எவ்வளவு சத்தமும் போடலாம் என்று அர்த்தமில்லை. தொல்லை என்று கவுன்சிலில் புகார் கொடுக்க இன்றும் வழி இருக்கிறது.

பழைய ரெக்கார்டு:
என்னைக் கேட்டால் ஆம்ப்பையே (ஒலிபெருக்கியை) தடை செய்யலாம். அசல் ப்ளூஸுக்கு ஒரு மரக் கிட்டார் போதும். இங்கே ஐம்பது வயது கணக்காளர்கள் தொப்பி போட்டுக்கொண்டு பருத்திக்காட்டுச் சோகத்தைப் பாடுவது எனக்குச் சிரிப்பாக வருகிறது.

பன்னிரண்டு பார்:
இதையேதான் 1958இல் அமெரிக்க ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் முதன்முதலாக இங்கிலாந்து வந்தபோதும் சொன்னார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தத்தில் சில விமர்சகர்கள் அரண்டுபோனார்கள். சரி என்று 1963இல் அவர் மரக் கிட்டாரோடு வந்தால், எலெக்ட்ரிக் எங்கே என்று இளசுகள் கேட்டார்கள்! பருத்திக்காட்டில் வேலை செய்த மனிதருக்கே எது அசல் என்று இங்கே பாடம் எடுத்திருக்கிறார்கள். கணக்காளர்கள் பற்றி மட்டும் நீங்கள் சொல்வது கொஞ்சம் உண்மை. எங்கள் டிரம்மர் கணக்காளர்தான்.

மழைக்கோட்டு:
பின்வீட்டுக்காரருக்குக் கூட்டாளிகள் உண்டு. லண்டன் சோஹோவில் ரவுண்ட்ஹவுஸ் என்ற பப்பின் மாடியில் அலெக்சிஸ் கார்னர், சிரில் டேவிஸ் என்ற இரண்டு இசைக்காரர்கள் 1957 முதல் ப்ளூஸ் கிளப் நடத்தினார்கள். ஆம்ப் வைத்ததும் சத்தம் தாங்கவில்லை என்று கிளம்ப வேண்டியதாயிற்று. 1962 மார்ச்சில் மேற்கு லண்டனின் ஈலிங்கில் புது கிளப் திறந்தார்கள். அங்கே வந்து கேட்ட பையன்களில் சிலர் பிறகு ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழு ஆனார்கள்.

ஜன்னலோரம்:
அப்படியானால் இவர்களையும் ஈலிங்குக்கே அனுப்பிவிடுங்கள்.

கடைசி ரவுண்டு:
டிக்கெட்டுக்கு நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் குழுவுக்கு இவ்வளவு என்று கடைக்காரர் முன்னாலேயே பேசிக் கொடுக்கட்டும். மூன்று நாள் பியர் லாபத்தில் அது முடியாதா? வாளி அதற்கு மேல் வருகிற உபரியாக இருக்கட்டும்.

பன்னிரண்டு பார்:
அதை எங்களிடம் சொல்லாதீர்கள், கல்லாவில் போய்ச் சொல்லுங்கள். நாளை மறுநாள் மாலை நான்கு மணிக்கு அங்கே எங்கள் செட். ஜன்னலோரம் அவர்களே, டிரம்ஸுக்குள் போர்வை திணிக்கச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்களுக்கு: வாளியை எடுத்து வரப்போவது என் மனைவி. நேராகக் கண்ணைப் பார்ப்பாள்.